விருந்தாளியின் நீர்ப்பங்கு

நீலாம்பூர் வாயிலில் மருதாசலத்தின் இடது மணிக்கட்டில் நீர்க்கணக்கியைப் பூட்டினார்கள். வெளியூரிலிருந்து கோவைக்கு வருபவர் எவராயினும் நகருக்குள் இருக்கும்வரை அதைக் கழற்ற இயலாது. உண்ணும் உணவை விளைவிக்க எவ்வளவு நீர் செலவாயிற்றோ, அவ்வளவையும் அது தோலின் வழியே அறிந்து கழித்துக்கொள்ளும். விருந்தாளிக்கு நாளொன்றுக்கு ஒரு நீர்ப்பங்குதான். கணக்கியின் ஓரத்தில் ஒளிரும் நீலக்கோடு காலையில் முழுதாக இருக்கும். உண்ண உண்ணக் குறுகும்.

மருதாசலம் எதற்கும் முன்கூட்டியே ஆயத்தம் செய்துகொள்பவர். ஒரு குவளை காப்பி கோட்டில் பெரும்பகுதியை விழுங்கிவிடும் என்பதையும், நெல்லுச்சோறு அதற்குச் சற்றும் சளைத்ததன்று என்பதையும் தாராபுரத்திலேயே விசாரித்து அறிந்திருந்தார். ஆகையால் சிங்காநல்லூரில் இறங்கி, விருந்தினர் உணவகத்தில் கம்பங்களி உருண்டை ஒன்றும், கடைந்த பண்ணைக்கீரையும், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமும் வாங்கினார். களி சூடாக இருந்தது. கீரையில் பூண்டு மணத்தது. கோடு நகர்ந்ததாகவே தெரியவில்லை. நாவுக்கும் குறையில்லை, கணக்குக்கும் குறையில்லை என்று அவர் மனத்துக்குள் மகிழ்ந்துகொண்டார்.

வயிறு இன்னும் கேட்டது. ஆனாலும் மீதிப் பங்கு முழுவதையும் அவர் மாலைக்கென்று வைத்திருந்தார். மகள் தாரகையின் வீட்டில், அவள் கையால் பரிமாற, முதல் நாளே வயிறார அமர்ந்து உண்ண வேண்டும். அவளுக்கு இது எட்டாம் மாதம். தாய் இல்லாத பெண். குழந்தை பிறக்கும்வரை உடனிருக்கப் பிறந்தவீட்டார் ஒருவருக்கு மட்டும் நகரம் அளிக்கும் பேறுகால அனுமதி, பல முறை விண்ணப்பித்த பின்னரே அவருக்குக் கிட்டியிருந்தது.

உணவகத்தில் ஒன்று மட்டும் அவரை உறுத்தியது. அத்தனை பேர் இருந்தும் பேச்சுக்குரலே எழவில்லை. பக்கத்து இருக்கையில் ஒருவர் வந்து அமர்ந்தபோது, ஊர் வழக்கப்படி, சாப்பாடு ஆச்சுங்களா என்று மருதாசலம் விசாரித்தார். அம்மனிதரின் முகம் வெளிறியது. தட்டை எடுத்துக்கொண்டு வேறொரு மேசைக்குப் போய்விட்டார். தாம் ஏதோ அவமதித்துவிட்டதாக எண்ணி மருதாசலம் எழுந்து நின்று கைகூப்பினார். ஒருவரும் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பீளமேட்டில் மகளின் வீடு இருபதாம் மாடிக்கும் மேலே இருந்தது. மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். சம்பந்தியம்மாள் சுகந்திதான் கதவைத் திறந்தார். மருதாசலத்தின் தோள்பையைக் கையில் வாங்கியதும் அவர் உடல் ஒரு பக்கம் சாய்ந்தது.

“என்னங்கண்ணா இத்தன கனம்? ஊர்க் கெணத்தையே பேத்து எடுத்தாந்துட்டீங்களா?”

குழந்தைக்கென்று தைத்த துணிகளும் ஒரு மரத்தொட்டிலின் கழற்றிய சட்டங்களும் என்று மருதாசலம் கூச்சத்துடன் தெரிவித்தார். தாரகை வயிற்றைத் தாங்கியபடி வந்து அப்பாவின் கையைப் பற்றிக்கொண்டாள். இரயில், வெயில், மாப்பிள்ளையின் வேலைநேரம் என்று பேச்சு நெடுநேரம் சுற்றியது. சுகந்தி மனம் நெகிழ்ந்துபோயிருந்தார். இரண்டு ஆண்டுகளாக அந்த வீட்டுக்கு விருந்தாளி என்று எவரும் வந்ததில்லையாம். அந்த நெகிழ்ச்சியில்தான் அவர் வாய் தவறியிருக்க வேண்டும்.

“வெயில்ல வந்து மூஞ்சியெல்லாம் வாடிப்போச்சுங்கண்ணா. சாப்டீங்களா?”

தாரகையின் விரல்கள் அப்பாவின் கையை இறுக்கின. அவர் அதைப் பாசமென்று எடுத்துக்கொண்டார். பெண் கொடுத்த வீட்டில், வந்ததும் வராததுமாகப் பசிக்கிறது என்று சொல்ல எந்தத் தகப்பனுக்கு வாய் வரும்?

“ஆச்சுங்க, ஆச்சுங்க. வயிறு நெறையச் சாப்ட்டுட்டுத்தான் வந்தனுங்க. நீங்க ஒண்ணும் சிரமப்படாதீங்க.”

எதிர்ச்சுவரில் மஞ்சள் ஒளி படர்ந்தது. சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டார்.

“வணக்கம், ஐயா,” என்றது சுவர். அக்குரல் மிகவும் பணிவாக இருந்தது. “குறுக்கிட்டமைக்குப் பொறுத்தருள வேண்டும். தங்கள் கணக்கியில் இன்று பதிவானது ஒரு களி உருண்டையும் சிறிது கீரையும் மட்டுமே. வயிறு நிறைய உண்டதாகத் தாங்கள் தெரிவித்தீர்கள். மீதியை எங்கே, எதை உண்டீர்கள் என்பதை அன்புகூர்ந்து கூறுங்கள்.”

அது கேள்சுவர் என்றும், எல்லா வீட்டிலும் எல்லா உணவகத்திலும் உண்டென்றும் தாரகை தணிந்த குரலில் விளக்கினாள். நிலத்தடி நீரைத் திருடி விளைவித்ததைக் கணக்கிக்குத் தெரியாத வகையில் பதப்படுத்தி உள்ளே கடத்துகிறார்கள். அதன் பெயர் மறைவுணவு. அதைப் பிடிக்கவே உணவைப் பற்றிய ஒவ்வொரு சொல்லையும் சுவர் கேட்கிறது. கேட்டதைக் கணக்கியோடு ஒப்பிடுகிறது. விருந்தாளி மறைவுணவு உண்டிருந்தால், அதற்கான நீர் அவரை ஏற்ற வீட்டிலிருந்து கழிக்கப்படும். அந்த வீட்டில் கழிப்பதற்கென்று மிஞ்சியிருந்தது, கருவுற்றவளுக்குத் தரும் கூடுதல் பங்கு ஒன்றுதான்.

“நாந்தானுங்க கேட்டேன், எம்பங்குல எடுத்துக்கோங்க,” என்று சுகந்தி சுவரை நோக்கிக் கெஞ்சினார். முதியோர் பங்கு ஏற்கெனவே குறைந்தபட்ச அளவில் உள்ளதென்று அது வருத்தத்துடன் தெரிவித்தது.

மருதாசலம் சுவர்ப்பக்கம் திரும்பினார். “அது ஒரு மருவாதிக்குச் சொல்றதுங்க. எங்க பக்கம் எல்லாரும் அப்படித்தானுங்க சொல்லுவோம்.”

“மரியாதை என்ற பெயரில் எந்த உணவும் எங்கள் பதிவில் இல்லை, ஐயா. வயிறு நிறைய உண்டீர்களா, இல்லையா?”

இல்லை என்றால் என்ன ஆகும் என்று அவர் மகளிடம் கேட்டார். உணவைப் பற்றிப் பொய் சொன்னவருக்கு அனுமதி அன்றே முடிந்துவிடும் என்றும், ஓராண்டுக்கு நகருக்குள் நுழைய இயலாது என்றும் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவள் கண்கள் தொட்டில் சட்டங்கள் இருந்த பையின்மேல் நின்றன.

பிறகு சுவருக்குக் கேட்காதபடி அவர் காதோடு முணுமுணுத்தாள்: “சாப்ட்டேன்னு சொல்லிருங்கப்பா. நான் சமாளிச்சுக்குவேன். நீங்க பக்கத்துல இருந்தாப் போதும்.”

அவளுடைய மணிக்கட்டு எலும்பு தோலை மீறிப் புடைத்திருப்பதை அவர் அப்போதுதான் கவனித்தார். கூடுதல் பங்கு கிடைக்கும்போதே இப்படி. அவர் எழுந்து நின்றார். பெரியவர்கள் முன்னிலையில் பேசும்போது எழுந்து நின்றே அவருக்குப் பழக்கம்.

“நான் வயிறு நெறையச் சாப்பிடலைங்க. சம்பந்தியம்மாகிட்டப் பொய் சொன்னனுங்க.”

“உண்மையைக் கூறியமைக்கு நன்றி, ஐயா. இன்றைய கடைசி இரயிலுடன் தங்கள் அனுமதி நிறைவடைகிறது. எஞ்சிய நீர்ப்பங்கு தங்களுக்கே உரியது. புறப்படுமுன் உண்டு மகிழலாம்.”

மஞ்சள் ஒளி அணைந்தது. சுவர் வெறும் சுவராயிற்று.

தாரகை தட்டை வைத்தாள். சாமைச் சோறு, கொள்ளுப் பருப்பு, முருங்கைக்கீரைப் பொரியல். ஒவ்வொன்றையும் அப்பாவின் நீலக்கோட்டை மனத்தில் வைத்தே அவள் தேர்ந்து சமைத்திருந்தாள். பருப்பில் சீரகமும் வரமிளகாயும் அளவாக இறங்கியிருந்தன. அவர் ருசித்து உண்டார். நன்றாக இருக்கிறது என்று சொல்ல நாக்கின் நுனிவரை வந்ததை, அதனால் வேறென்ன விளையுமோ என்ற அச்சத்தில், சோற்றோடு சேர்த்து விழுங்கினார். சுகந்தி சன்னலோரம் திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தட்டு காலியாயிற்று. அவருக்குப் பசி அடங்கவில்லை. கோட்டிலும் பாதிக்குமேல் நீலம் இருந்தது. தாரகை கரண்டி நிறையச் சோற்றை அள்ளி அவர் தட்டை நோக்கிக் குனிந்தாள். அக்கணம், வாழ்நாள் முழுவதும் செய்து பழகிய மருதாசலத்தின் இடக்கை, தானே எழுந்து தட்டை மறைத்தது.

அப்படி மறைத்தால் பரிமாறுகிறவர் அந்தக் கையை விலக்கிவிட்டுப் போட வேண்டும். அட, இவ்வளவுதானா, ஒரு கை சாப்பிடுங்கள் என்று அதட்ட வேண்டும். அவர் அதற்காகக் காத்திருந்தார். தாரகையின் உதடுகள் பிரிந்தன. அவள் சுவரைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு கரண்டியைத் திருப்பி, சோற்றை ஓசைப்படாமல் பாத்திரத்துக்குள்ளேயே கவிழ்த்தாள்.