மெலூரின் குழாயில் யார் ரத்தம்?

மெலூர் என்ற பெண்குதிரையைக் கொன்றுவிட வேண்டும் என்ற அறிக்கை காலை ஒன்பது மணிக்கு லோகேஸ்வரியின் மேசைக்கு வந்தது. கால்நடை நோய்களை விசாரிக்கும் டாக்டர் அவள். வாரம் முழுக்க ஓய்வில்லாமல் கண் எரிந்தது. ஆனாலும் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. மெலூருக்கு ஆப்பிரிக்கக் குதிரை நோய் என்று அதில் இருந்தது. அந்த நோய் இங்கே எப்படி வந்தது?

ஜார்ஜ்டவுன் ஆய்வகம் ஒன்றில் அந்த நோய்க்கான புதிய ரத்தச் சோதனையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்காக, நோய் கண்ட குதிரைகளின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரமும் காணாத குதிரைகளின் சீரமும் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தன. எது எதுவென்று தெரியாதபடி வெறும் எண் மட்டும் ஒட்டியிருந்தது. கூடவே சோதித்த உள்ளூர்க் குதிரைகளில் மெலூருக்கு மட்டும் நோய் என்று வந்துவிட்டது.

பாலத்து நெரிசலில் ஊர்ந்து மெலூர் இருந்த நிபோங் திபால் லாயத்துக்குப் போனாள்.

"காய்ச்சல் இருந்துச்சாண்ணே?"

"இல்ல டாக்டர். நல்லா திங்குது," என்றார் குதிரையைப் பார்த்துக்கொள்ளும் அய்யாக்கண்ணு. "ஜப்பான் மூளைக்காய்ச்சல் ஊசிகூட வருஷா வருஷம் தவறாம போடுறோம்லா. இதப் போயி கொல்லச் சொல்றாங்களே."

மெலூரின் ரத்தத்தை ஆய்வகத்துக்குக் கொண்டுபோன ஓட்டுநர் ஹாஃபிஸுக்கு வியர்த்துக் கொட்டியது.

"வழியில நின்னீங்களா?"

"மாக் மண்டின் பக்கம் ஒரு கடையில தே தாரிக் டீ குடிச்சேன். ஐஸ் பெட்டி வேன்லயே இருந்துச்சி. அப்புறம் நேரா லேப்ல சலேஹா அக்கா கையிலதான் குடுத்தேன். வெயில்ல கெட்டுப்போச்சா டாக்டர்?"

ஆய்வகத்தை நடத்தும் சலேஹா, லோகேஸ்வரியைவிட மூத்தவள். அவளும் தூங்காத முகத்தோடு இருந்தாள்.

"வெளிநாட்டு சீரம் இருக்கற ஃப்ரீசர் சாவி யார்கிட்டக்கா?"

"என்கிட்ட மட்டும்தான்."

மெலூரின் பெயர் ஒட்டிய சோதனைக் குழாயில் மீந்திருந்ததை லோகேஸ்வரி தன் அலுவலகத்தில் வேறொரு சோதனைக்குக் கொடுத்தாள். மாலையில் முடிவோடு திரும்பினாள்.

"இது மெலூரோட ரத்தமே இல்லக்கா. வருஷா வருஷம் ஊசி போட்ட குதிரைக்கு மூளைக்காய்ச்சல் ஆன்டிபாடி இருக்கணும். இதுல துளிகூட இல்ல. அந்தக் காய்ச்சலே இல்லாத நாட்டுக் குதிரை இது. வெயில்ல ரத்தம் கெடும், ஆனா வேற குதிரையா மாறாது. ஹாஃபிஸால ஃப்ரீசரத் தொறக்கவும் முடியாது. நீங்கதான் மாத்துனீங்க."

சலேஹா நாற்காலியில் சரிந்தாள்.

"மெலூரோட ட்யூப் கை நழுவி ஒடஞ்சிடுச்சி. அன்னிக்கே முடிக்கணும்னு மேலேர்ந்து போன் மேல போன். வெளிநாட்டு சீரத்துல ஒரு நம்பர்லேர்ந்து கொஞ்சம் எடுத்து வேற ட்யூப்ல ஊத்தி மெலூர் பேர ஒட்டுனேன். நோயில்லாததுதான் நெறைய இருக்கும்னு நெனச்சேன். பாசிடிவ்னு வந்தப்புறம் வாயத் தொறக்க பயமாயிடுச்சி. இனி எல்லாச் சோதனையும் முதல்லேர்ந்தா?"

"ஆமாக்கா. நீங்க இல்லாம."

லோகேஸ்வரி அய்யாக்கண்ணுவைக் கூப்பிட்டாள். "மெலூரக் கொல்ல வேணாம்ணே. நாளைக்கு வந்து திரும்ப ரத்தம் எடுத்துக்கறேன்."

போனில் அவர் உடைந்து அழுதார். எதிரே சலேஹாவும் அழுதுகொண்டிருந்தாள். இருவரில் ஒருவரைத் தேற்றக்கூட லோகேஸ்வரிக்குத் தெம்பில்லை.