நுகர்மீன்கள் வாய் திறக்காத ஆறு

குறுமணியாற்றில் ஒன்பது வருடங்களாக யாருமே தப்புச் செய்யவில்லை. அதுதான் தமயந்திக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆறு முழுக்க நுகர்மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. விரல் நீளத்தில், வெள்ளி நிறத்தில், மனிதர்கள் செய்து ஆற்றில் விட்ட இயந்திர மீன்கள். நீந்துவதற்கான வலுவை ஓடும் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஆற்றில் கழிவு கலந்தால் செவுளால் முகர்ந்து, அது எந்தச் சாயப்பட்டறையிலிருந்து வந்தது, எந்த வயலிலிருந்து வடிந்தது, எந்தத் தெருச் சாக்கடை என்று காட்டிக்கொடுக்கும். மறுநிமிடமே அந்தக் குற்றவாளிக்கு ஆற்றுத் தண்ணீர் விடும் மதகு தானாக இறங்கிவிடும். ஒரு வருடத்துக்கு அவர்களுக்கு ஆற்றுத் தண்ணீர் கிடையாது. ஆளைக் கண்டுபிடிக்க முடியாத கழிவென்றாலும் அணைக்கட்டுச் சங்கு ஊதும்.

ஆற்றை மீட்க நான்கு அமைப்புகள் கைகோத்திருந்தன. சாயப்பட்டறைச் சங்கம், பாசன விவசாயிகள் சங்கம், நகராட்சி, பிறகு தமயந்தி நடத்திய ஆற்று அறக்கட்டளை. ஒருவரையொருவர் நம்ப முடியாததால்தான் நான்கு பேரும் மீன்களை நம்பினார்கள். எந்தத் தரப்பும் தனியாக ஒரு மீனைப் பிடித்துத் திறந்து பார்க்கக் கூடாது என்பது ஒப்பந்தம்.

ஆறும் தெளிந்துவிட்டது. நீர்நாய்கள் திரும்பி வந்தன. வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் பாராட்டினார்கள். பாராட்டைக் கேட்கக் கேட்கத் தமயந்தியின் சந்தேகம்தான் வளர்ந்தது. இத்தனை பேரில், இத்தனை வருடத்தில், ஒருவருக்குக்கூடவா கை தவறவில்லை? பட்டறைக்காரர்கள் மீன்களை ஏதோ செய்து வாயடைத்துவிட்டார்கள் என்று அவள் மனம் அடித்துச் சொல்லியது.

ஒரு காலையில் ஒப்பந்தத்தை மீறி வலை வீசினாள். சிக்கிய மீனைத் திறந்தாள். மோப்பத் தகடு முழுக்க உப்பு பூத்து, பாசி அடைத்திருந்தது. ஓட்டம் தள்ளியதால் வால் மட்டும் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது.

ஒரு மீன் கெட்டிருக்கலாம். எல்லாமே அப்படித்தானா என்று தெரிய வேண்டாமா? கடையில் சிவப்புச் சாயப்பொடி வாங்கி ஒரு குடம் தண்ணீரில் கரைத்தாள். பட்டறைகளுக்குக் கீழே, படித்துறையில் நின்று ஊற்றினாள். அந்தச் சிவப்பு பாம்பு போல நெளிந்து போனது. மீன்கள் அதற்குள் புகுந்து, அந்தப் பக்கம் வெளியே வந்து, தம் பாட்டுக்கு நீந்தின. சங்கு ஊதவில்லை.

நேராகச் சாயப்பட்டறைச் சங்கத் தலைவர் குப்புராஜின் பட்டறைக்குப் போனாள். அவர் சுத்திகரிப்புத் தொட்டியின் அருகில் நின்றிருந்தார். தொட்டி இரைந்துகொண்டிருந்தது.

"மீனெல்லாம் செத்துக் கெடக்குதுங்க," என்றாள். "எப்பக் கொன்னீங்க?"

குப்புராஜ் ஆட்களைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நாங்க ஒண்ணும் பண்ணலீங்க. மூணாவது வருசம் எங்க கொழாய் வெடிச்சுச் சாயம் ஆத்துக்குப் போயிருச்சு. மதகு எறங்கீரும்னு நடுங்கிட்டு உக்காந்திருந்தேன். எறங்கல. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்பறம் எதுக்கு இந்தத் தொட்டி இன்னும் ஓடுது?"

"வெளிய தெரிஞ்சா நகராட்சி சாக்கடையத் தொறந்து உட்ரும். விவசாயிங்க மருந்துத் தண்ணிய வடிச்சு உட்ருவாங்க. அவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னா நானும் தெரியாத மாதிரியே நடந்துக்கணுமுங்களே."

அப்போது விவசாயிகள் சங்கத்துப் பொங்கியண்ணன் உள்ளே வந்தார். கையில் ஒரு பாட்டில். அதில் இளஞ்சிவப்பாய்த் தண்ணீர்.

"எங்க வாய்க்கால் தலைப்புல மொண்டது," என்று குப்புராஜின் முகத்துக்கு நேரே நீட்டினார். "மீன் செத்தது எனக்கும் தெரியும். சொன்னா நீ ஆரம்பிச்சிருவேன்னுதான் வாயத் தொறக்காம இருந்தேன். நீ என்னடான்னா எப்பவோ ஆரம்பிச்சுட்ட போல."

"இது எம்பட சாயமில்ல."

"பின்ன எம்பட வயல்ல சாயம் வெளையுதா?"

தமயந்தி குறுக்கே வந்தாள். "அண்ணா, அவரில்ல. நாந்தான் ஊத்துனேன். மீனைச் சோதிக்கறதுக்காக, ஒரு கொடம்."

பொங்கியண்ணன் அவளை மேலும் கீழும் பார்த்தார். அண்ணனாக இத்தனை நாள் பார்த்த பார்வை இல்லை அது. "ஆத்தக் காப்பாத்தற நீங்க ஆத்துல சாயம் ஊத்துனீங்க. இதை நான் நம்பணும். அவரு பட்டறைக்குள்ள நின்னுட்டுச் சொல்றீங்க, அதையும் நம்பணும். உங்களுக்குள்ள எத்தன நாளாப் பேச்சுவார்த்த?"

அவள் சொன்னது உண்மை என்று சாட்சி சொல்ல ஆற்றில் ஒரு மீன்கூட உயிரோடு இல்லை.

செய்தி அன்றைக்கே நகராட்சி ஆணையர் இன்பவல்லியிடம் போனது. அவளுக்கும் அது புதிய செய்தியாக இல்லை. தான் அறிந்திருந்ததை மற்றவர்களும் அறிந்திருந்தார்கள் என்பதுதான் புதிது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தரப்பும் அடுத்த தரப்பின் கரையில் காவல் போட்டது. பட்டறைக் குழாயைப் பொங்கியண்ணனின் ஆட்கள் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தார்கள். சாக்கடை வாயைக் குப்புராஜின் ஆட்கள் கவனித்தார்கள். ஒரு மழை நாளில் ஆற்றில் நுரை மிதந்தது. யார் முதலில் திறந்துவிட்டது என்பதற்கு மூன்று பதில்கள் இருந்தன. நாம் மட்டும் ஏன் ஏமாளியாக இருக்க வேண்டும் என்பதற்கு எல்லாரிடமும் ஒரே பதில் இருந்தது. அடுத்த கோடைக்குள் நீர்நாய்கள் போய்விட்டன. தமயந்தி ஒவ்வொரு வாசலாக ஏறி, அந்த முதல் சிவப்பு தன்னுடையது என்று சொல்லிப் பார்த்தாள். உட்காரச் சொன்னார்கள், மோர் கொடுத்தார்கள், நம்பவில்லை.

கடைசியில் புது மீன்கள் வாங்குவதற்காகக் கூட்டமைப்பு கூடியது. மீன் செய்யும் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள்.

"மோப்பம் பிடிக்கற மீன்னா வருசா வருசம் தகடு மாத்தணும். கரையில படிஞ்ச பழைய வண்டலக்கூட முகர்ந்து, இதுவரைக்கும் யார் யார் எவ்வளவு விட்டாங்கன்னு சொல்லிரும்," என்றாள். "சும்மா நீந்தற மீனும் இருக்கு. பாத்தா வித்தியாசம் தெரியாது. உங்களுக்கு எது வேணும்?"

குப்புராஜ் ஆணையரைப் பார்த்தார். ஆணையர் பொங்கியண்ணனைப் பார்த்தார். வழக்கமாக அந்த மேசையில் எதற்கெடுத்தாலும் சண்டைதான்.

"நீந்துனாப் போதுமுங்க," என்றார் பொங்கியண்ணன்.

மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

"மோப்பம் புடிக்கறதுதான் வேணும்," என்றாள் தமயந்தி. "அப்பத்தான் நான் சொன்னது நெசம்னு உங்களுக்குத் தெரியும்."

பொங்கியண்ணன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

"அது அன்னைக்கே தெரியுமுங்க," என்றார். "உங்களுக்கென்ன, நீங்க ஒரு கொடந்தான ஊத்துனீங்க."