ஆறாம் சனல்

ஆறாம் சனலின் வயர் மேடையில் வெறும் முனையோடு கிடந்தது. மைக் எதுவும் இல்லை. ஆனாலும் ஒலி மிக்சரில் அந்தச் சனலின், சத்தம் வந்தால் எரியும் பச்சை விளக்கு துடித்துக்கொண்டிருந்தது.

பின்னேரம் மூன்று மணிதான். மழை இருட்டிக்கொண்டு நின்றது. துறைமுகப் பக்கமிருந்து டீசல் மணமும் நனைந்த கயிற்றின் மணமும் கலந்து மண்டபத்துக்குள் வந்து, நாளைய கலியாணத்துக்கு அடுக்கியிருந்த கதிரைகளுக்கிடையில் தேங்கிக் கிடந்தன. ஒலி அமைக்க வந்திருந்த சிவரூபன் ஹெட்போனை மாட்டி, ஒரு சனலை மட்டும் காதுக்குத் தருகிற பொத்தானை அழுத்தினான்.

ஓட்டில் மழை விழும் சத்தம். சுவர் மணிக்கூட்டின் டிக் டிக். பிறகு ஓர் இருமல்.

அந்த இருமலை அவன் விடிய விடியக் கேட்டவன். கீர்த்தனியின் இருமல். காய்ச்சலோடு கிடந்த பத்து வயது மகளைக் கந்தளாய் வீட்டில் தனியே விட்டு, உள்ளே தாழ்ப்பாள் போடச் சொல்லிவிட்டு வந்திருந்தான். தாய் குவைத்தில். வேலையை விட ஏலாது என்று காலையில் தனக்குத்தானே சொன்ன நியாயம் இப்போது நெஞ்சைக் குத்தியது.

மைக்கிலிருந்து வருவது துளியளவு மின்சாரம். கெயின் குமிழ்தான் அதை ஆயிரம் மடங்காக்கும். அளவு மீறினால் விளக்கு சிவக்கும். குமிழைத் திருப்பினான். கனத்த இரைச்சலை வெட்டும் பொத்தானையும் அழுத்தினான். மழை ஒதுங்கியது. அதன் அடியில், வீட்டு வாசலில், யாரோ கால் துடைக்கும் சத்தம் கேட்டது.

"குஞ்சு, கதவைத் திற. அப்பா."

அது அவனுடைய குரல்.

"அப்பா ஹோலில வேலையெண்டு போனவர். நீங்கள் ஆர்?"

மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் ஸைனுலாப்தீனைக் கூப்பிட்டு ஹெட்போனைக் கொடுத்தான். "நானா, என்ர பிள்ளையின்ர குரல் கேக்குதோ?"

அவர் கவனமாகக் கேட்டார். "மழச் சத்தந்தான் தம்பி கேக்குது. வீட்ட போய் புள்ளயப் பாருங்க. இரிங்க, ஓட்டோ ஒண்டு புடிச்சிட்டு வாறன்."

அவர் போனதும் சிவரூபன் வீட்டில் இருந்த போனுக்கு அடித்தான். ஹெட்போனுக்குள் அது ஒலித்தது. இரண்டு தரம். நின்றது.

"சார்ஜும் போச்சு," மகள் முணுமுணுத்தாள். மத்தியானத்திலிருந்து அங்கே கரண்ட் இல்லை.

பக்கத்து வீட்டுப் பாக்கியரத்தினம் அண்ணையின் நம்பர் வேலை செய்யவில்லை. கந்தளாய்க்குப் போக ஒரு மணித்தியாலமாவது வேண்டும்.

"கீர்த்தனி, திறக்காதையுங்கோ," என்று மிக்சரைப் பார்த்துக் கத்தினான். பைத்தியக்காரன். இருபது வருஷமாக இதே வேலை. சத்தம் மைக்கிலிருந்து இங்கே வரும். இங்கிருந்து அங்கே போகாது. தெரிந்தும் தொண்டை கிழியக் கத்தினான்.

"குஞ்சு, அப்பா நனையிறன்."

"நீங்கள் அப்பா இல்லை."

கெட்டிக்காரி. திறக்கமாட்டாள். ஆனால் தாழ்ப்பாள் பழசு. வெளியே கதவை யாரோ உள்ளங்கையால் தடவினார்கள். மேலிருந்து கீழே. மெதுவாக.

ஒன்றே ஒன்று மட்டும் இந்த வயரில் எதிர்த்திசையில் போகும். சில மைக்குகளுக்கு மிக்சரே அனுப்புகிற நாற்பத்தெட்டு வோல்ட் மின்சாரம். ஒரு வெடிச்சத்தமாவது அங்கே கேட்காதா. அது பயந்து ஓடாதா. வேறு வழியே தெரியவில்லை.

பொத்தானை அழுத்தினான்.

காதில் டப்பென்று ஓர் அடி.

"ஆ, லைற் வந்திட்டுது." மகளின் குரலில் பயம் போயிருந்தது. "அப்பா, நீங்களோ போட்டது?"

கதவைத் தடவிய கை நின்றது.

"ஓம் குஞ்சு. நான்தான்."

தாழ்ப்பாள் நகர்ந்தது.

பொத்தானை அணைத்தான். சனலை மூடினான். வயரைப் பிடுங்கி எறிந்தான். சத்தம் நிற்கவில்லை. ஹெட்போனைக் கழற்ற மனம் வரவில்லை. கதவு திறந்தது. ஈரக் காலடிகள். ஒன்று. இரண்டு.

"அப்பா, ஏன் காதில ஹெட்போனோட வந்தனீங்கள்?"

கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. உள்ளேயிருந்து.

ஆறாம் சனலின் விளக்கு சிவப்பாகி, அப்படியே நின்றது.