இடப்பக்கம் விட்ட இடம்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குவைத்தின் ஃபஹாஹீலில் அந்தப் புது ரூமுக்கு வந்தேன். பழைய கட்டடம். மூன்றாம் மாடி. லிஃப்ட் ஓடவில்லை. வெளியே தூசிக்காற்று. கடல் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி திணித்திருந்தார்கள். இருந்தும் பல்லில் மண் நறநறத்தது. ரூம் முழுக்கப் பழுப்பு வெளிச்சம்.

விமல் மட்டும் இருந்தான். ஒரே கம்பெனி, வேறு சைட். டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

பரமக்குடியிலிருந்து தங்கை காளீஸ்வரி போன் செய்தாள்.

“போட்டோ எங்கண்ணே? பொண்ணு வீட்டுல இன்னைக்குள்ள கேக்குறாங்க.”

“அனுப்புறேன்.”

“இந்தா அந்தான்னு ஒரு வாரமாச்சு. இது அமையலைன்னா ஞாயித்துக்கிழமை உன் மாமியார்கிட்ட பாப்பாவைக் குடுத்துருவேன், சொல்லிட்டேன். நான் எம்புட்டு நாளைக்கு இங்க கிடக்குறது? எங்க வீட்டுக்காரர் கோயம்புத்தூர்ல கடைச் சோறு திங்கிறாரு.”

அவள் சொன்னது நியாயம்தான். குழந்தைக்குப் பதினாலு மாதம். பிறந்த பதினாறாம் நாள் என் மனைவி உமாராணி இறந்துபோனாள். காரியத்தன்று மாமனார் என் முகத்தைப் பார்க்காமலேயே, “இவன் எங்க வாசல்ல கால் வைக்கக் கூடாது” என்றார். குழந்தை அங்கே போனால் போனதுதான்.

விமல் பூட்ஸை மாட்டிக்கொண்டே சொன்னான். “மாப்பிள்ளை போட்டோவா பங்காளி? குடு, நான் எடுக்குறேன்.”

“வேண்டாம். நானே எடுத்துக்குவேன்.”

“எடு எடு. ஆனா சிரி. சிவில் ஐடிக்கு நிக்கிற மாதிரி நிக்காத. பொண்ணு பயந்துரும்.”

கதவு மூடிக்கொண்டது.

தனியாகப் படம் எடுத்துக்கொள்வது எனக்குப் பழக்கம். முன் கேமரா வேண்டாம், பின் கேமராதான் தெளிவு. போனை நெஞ்சு உயரத்தில் நிறுத்த வேண்டும். ஜன்னல் முகத்துக்கு எதிரே இருக்க வேண்டும். நிற்கப்போகும் இடத்தில் ஒரு நாற்காலியை வைத்துக் குறி பார்த்துவிட்டு, பத்து விநாடி டைமர் போட்டு, நாற்காலியை இழுத்துவிட்டு அங்கே போய் நிற்க வேண்டும். எல்லாம் உமா வைத்த பழக்கம்.

கல்யாணமாகி நாற்பது நாளில் நான் இங்கே வந்துவிட்டேன். மாதம் ஒரு படம் கேட்பாள். “படத்துல இடது பக்கம் எனக்கு எடம் விட்டு நில்லுங்க” என்பாள். நான் ஓரமாக நின்று எடுத்து அனுப்புவேன். அவளும் வீட்டில் தனியாக எடுத்துக்கொள்வாள். இரண்டையும் விஜயபாஸ்கர் ஸ்டுடியோவில் கொடுத்து ஒன்றாக்குவாள். நாங்கள் போகாத மலைகளுக்கும் கடற்கரைகளுக்கும் முன்னால் ஜோடியாக நிற்போம். இங்கே பல பேர் வீட்டில் அப்படித்தான் குடும்பப் படம் தொங்குகிறது.

பிரசவத்துக்கு வரச் சொன்னாள். விசா கொடுத்த முதலாளி, கஃபீல், லீவு தரவில்லை என்றேன்.

பொய். லீவு கையில் இருந்தது. கூடுதல் சம்பளத்துக்காக ரிஃபைனரி ஷட்டவுன் வேலைக்கு நானே பெயர் கொடுத்திருந்தேன். ஒரு மாதம் கழித்துப் போகலாம் என்று நினைத்தேன். குழந்தை பிறந்த பிறகு, போவதற்குப் பதிலாகப் படம் அனுப்பினேன். இடப்பக்கம் இடம் விட்டு, குழந்தையை ஏந்துவதுபோல் கையை மடக்கிக்கொண்டு.

“கை சரியா இருக்கு. நான் குளிச்சிட்டு எடுத்து அனுப்புறேன்” என்று எழுதியிருந்தாள்.

அனுப்பவில்லை. அன்று இரவு காய்ச்சலில் ஜன்னி கண்டுவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

நாற்காலியைச் சுவருக்கு நடுவில் வைத்தேன். டைமர் போட்டேன். போய் நின்றேன்.

படத்தில் நான் மங்கலாக இருந்தேன். முகம் பிசைந்த மாவு போலிருந்தது. படத்தின் இடப்பக்கம் சுவர் மட்டும் துல்லியமாக விழுந்திருந்தது. பெயிண்ட் உரிந்த விளிம்புகூட எண்ணும்படி இருந்தது.

போன் வேறு எதையோ குறி பார்த்திருக்கிறது.

நான் நடுவிலும் இல்லை. வலது ஓரத்தில் இருந்தேன்.

மறுபடி எடுத்தேன். வலது ஓரம். இரண்டு அடி இடப்பக்கம் தள்ளி நின்று எடுத்தேன். வலது ஓரம். போனைத் துடைத்தேன். அணைத்துப் போட்டேன். தரையில் டேப் ஒட்டி, அதன்மேல் கால் வைத்து நின்றேன்.

வலது ஓரம். படத்தில் டேப் நடுவில் இருந்தது. அதன்மேல் யாரும் இல்லை.

அப்போதுதான் வாசனை வந்தது. தூசியின் வாசனை இல்லை. சுட்ட வசம்பு. பிள்ளை பெற்ற வீட்டு வாசனை. ஏழு ஆண்பிள்ளைகள் தங்கும் ரூமில்.

ஏசியின் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

யாரோ ஈரத் தலையைத் துவட்டும் சத்தம் கேட்டது. மிகப் பக்கத்தில்.

நான் திரும்பவில்லை.

“தள்ளு உமா,” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. “பாப்பாவுக்காகத்தான்.”

துவட்டும் சத்தம் நின்றது.

டைமரைத் தட்டிவிட்டுப் போய் நின்றேன். படம் நன்றாக வந்தது. நடுவில் நான். முகம் தெளிவு. கொஞ்சம் சிரித்தும் இருந்தேன். உடனே அனுப்பினேன். விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

சாயங்காலம் காளீஸ்வரி கூப்பிட்டாள். அழுதிருந்தாள்.

“என்ன போட்டோண்ணே அனுப்பி வச்சிருக்க?”

“ஏன்?”

“ஓரமா நின்னுக்கிட்டு, பக்கத்துல மொட்டையா எடத்த விட்டு. யாரையோ அழிச்சிருக்கான்னு சொல்றாங்க. பொண்ணோட அண்ணன் கேக்குறாரு, ஆள அழிச்சவர் நெழலையும் சேத்து அழிச்சிருக்கக் கூடாதான்னு. அங்க ஒருத்திய வச்சிருக்கியாம். வேண்டாம்னுட்டாங்க.”

போனைக் காதிலிருந்து எடுத்து, அனுப்பிய படத்தைத் திறந்தேன்.

வலது ஓரத்தில் நான். சுவரில், நான் விட்டிருந்த இடத்தில், ஒரு நிழல். தலைமுடி அவிழ்ந்திருந்தது.

அன்று முழுக்க வெயிலே இல்லை. எனக்கு நிழல் விழவில்லை.

“அண்ணே, உண்மையச் சொல்லு. யாரு அது?”

“உங்க அண்ணி” என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். அழவே இல்லையாம். கார் ஏறியதும் சிரித்ததாம்.

அதற்குப் பிறகு ரூமில் அந்த வாசனை வரவில்லை. படம் எடுத்துப் பார்த்தேன். நடுவில் நிற்கிறேன். எத்தனை முறை எடுத்தாலும் நடுவில். இடப்பக்கம் இடம் விட்டு நின்றும் பார்த்தேன். வெறும் சுவர். மங்கலாக.

போன வியாழக்கிழமை மாமியார் எண்ணிலிருந்து ஒரு படம் வந்தது. பதினாலு மாதத்தில் அவர் எனக்கு எதுவும் அனுப்பியதில்லை. உடனே கூப்பிட்டேன்.

“நான் எங்க மாப்பிள்ளை அனுப்புனேன்? எனக்கு அதெல்லாம் தெரியாதே. அடுப்படியில நின்னேன். உங்க மாமா வயலுக்குப் போயிட்டாரு. போன் பீரோவுக்குள்ள கெடந்துச்சு.” அவர் குரல் தாழ்ந்தது. “பாப்பாவத் தொட்டில்ல போட்டுட்டுத்தான் போனேன். வந்து பாத்தா தரையில இருக்கா. தலைக்குக் குளிப்பாட்டியிருக்கு.”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நல்ல படம். வெளிச்சம் சரியாக இருக்கிறது. கூடத்தின் நடுவில், வெறும் சிமெண்ட் தரையில் குழந்தை. ஈரத் தலை. காலை நீட்டி, மல்லாக்கச் சாய்ந்திருக்கிறாள். முதுகு தரையில் படவில்லை. தலையும் படவில்லை. பின்னால் தலையணை இல்லை, சுவர் இல்லை.

அப்படிச் சாய்ந்தால் விழுந்துவிட வேண்டும்.

அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.