அழுத்தக்காரியின் குடைக்கொடி

"ரெண்டாவது தடவை! ஆறு மாசத்துல ரெண்டாவது தடவை அண்ணி! நீங்க துணி காயப்போடுறீங்களா, இல்ல யானையைக் கட்டி வைக்கிறீங்களா?"

பின்வாசற்படியில் நின்றபடி நாத்தனார் போட்ட சத்தம் அடுத்த தெருவரைக்கும் கேட்டிருக்கும். மருந்துக்கடைக்கு வேலைக்குப் போகிற வழியில் தினமும் ஒரு நடை வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகிறவள் அவள். அன்று காலை அவள் கண்ணில் முதலில் பட்டது கொல்லையில் சாய்ந்து கிடந்த குடைக்கொடிதான்.

கடையில் அதற்கு என்னவோ நீளமான பெயர் சொல்வார்கள். நடுவில் ஒரு கம்பம், அதன் உச்சியிலிருந்து நான்கு கைகள், கைகளுக்கு இடையே வரிசை வரிசையாகக் கொடிக்கம்பி. விரித்தால் குடை, தள்ளினால் சுற்றும். அதனால் அந்த வீட்டில் அது குடைக்கொடி. இப்போது கம்பம் அடியோடு சாய்ந்து, ஒரு கை மடங்கி, ஈரத் துண்டுகள் எல்லாம் மண்ணில் புரண்டு கிடந்தன.

மருமகள் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மண்ணை உதறி, வாளியில் போட்டாள்.

சீருடைச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டே கணவர் வந்தார். பேருந்து ஓட்டுநர். முதல் வண்டிக்கு நேரமாகிவிட்ட எரிச்சல் ஏற்கெனவே முகத்தில் இருந்தது.

"நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன், சலூன் துண்டையெல்லாம் வாங்கித் துவைக்காதேன்னு... தினமும் நாப்பது ஈரத்துண்டு! அந்தக் கம்பிதான் என்ன பண்ணும் பாவம்!"

"அதோட இன்னொண்ணுண்ணே," என்று நாத்தனார் பிடித்துக்கொண்டாள். "உயரத்துல ஏத்தி வைக்கத்தானே அதுல கைப்பிடி இருக்கு? இவங்க என்னடான்னா, எப்பப் பார்த்தாலும் குள்ளமா இறக்கியே வச்சிருக்காங்க. படுக்கைவிரிப்பெல்லாம் தரையைப் பெருக்குது!"

"எனக்கு அதுதான் வசதி," என்றாள் மருமகள்.

"வசதியா? உங்க உயரத்துக்கு நீங்க குனிஞ்சில்ல போடணும்!"

வீட்டுக்குள்ளே ஜன்னலோர நாற்காலியில் அத்தை உட்கார்ந்திருந்தாள். மருமகளை யாராவது திட்டினால் தன் பங்குக்கு நாலு வார்த்தை சேர்க்காமல் விடமாட்டாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கல்யாணமான முதல் மாதத்திலேயே "வாயைத் திறக்காம நெனைச்சதைச் சாதிக்கிறா, சரியான அழுத்தக்காரி" என்று பட்டம் கட்டியவளும் அவளேதான். இன்று மட்டும் சுவரில் மாட்டிய கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, ஏதோ மணி பார்க்கத் தெரியாதவளைப் போல உட்கார்ந்திருந்தாள்.

காரணம் மருமகளுக்குத் தெரியும்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை ஆனது. டாக்டர் மெல்ல மெல்ல நடக்கச் சொன்னார். நடக்க ஆரம்பித்த நாலாவது நாளே அத்தை மறுபடி தடுமாறி விழுந்தாள். அவ்வளவுதான்! மகள் பயந்துபோய்த் தடை போட்டுவிட்டாள். "இனிமே நாற்காலியை விட்டு எழுந்திரிச்சா என் மேல சத்தியம்! அடுத்த தடவை விழுந்தா உன்னை என் வீட்டுக்கே தூக்கிட்டுப் போயிடுவேன்" என்றாள். பாசத்தில் போட்ட தடைதான். ஆனாலும் தடை தடைதானே!

மருமகள் கை கொடுக்கப் பார்த்தாள். "உன் கையைப் பிடிச்சு நடக்குற காலம் எனக்கு வரவேண்டாம்!" என்று உதறிவிட்டாள் அத்தை.

அதற்கு அப்புறம் ஒருநாள் காலை, சமையலறை ஜன்னல் வழியாக மருமகள் அந்தக் காட்சியைப் பார்த்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்து அத்தை கொல்லைக்கு வந்தாள். குடைக்கொடியின் ஒரு கையை இரண்டு கைகளாலும் பற்றினாள். ஒரு அடி வைத்தாள். குடைக்கொடி அவளோடு மெல்லத் திரும்பியது. இன்னொரு அடி... இன்னொன்று... ஒரு முழுச் சுற்று சுற்றி முடித்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, பரீட்சையில் தேறிய பள்ளிக்கூடப் பிள்ளைபோலத் தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

என் கையைத்தானே வேண்டாம் என்கிறாள், கம்பியைப் பிடிக்கட்டும் என்று மருமகள் அன்றே முடிவு செய்தாள். அன்று சாயங்காலம் கைப்பிடியைச் சுற்றி, குடைக்கொடியை அத்தையின் தோள் உயரத்துக்கு இறக்கினாள். தினமும் காலை அத்தை நடக்கிற நேரத்தில், தான் வேலையில் மூழ்கியிருப்பதாக அவள் நம்பட்டும் என்று, பாத்திரங்களை வேண்டுமென்றே தடதடவென்று உருட்டினாள். கண் மட்டும் ஜன்னலை விட்டு அசையாது.

துணி பாரம் நாலு பக்கமும் பரவி இருக்கும். நடக்கிறவள் பாரமோ ஒரே பக்கத்தில் இழுக்கும். முதல் குடைக்கொடியின் கை அப்படித்தான் ஒடிந்தது. இரண்டாவது இன்று காலை வேரோடு சாய்ந்தது. அத்தை எப்படியோ துவைக்கிற கல்லைப் பிடித்து உட்கார்ந்து, தட்டுத் தடுமாறி உள்ளே போய்ச் சேர்ந்தாள். அவள் நாற்காலியில் பத்திரமாக உட்காரும்வரை மருமகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்கப்புறம்தான் ஓடிவந்து, "ஐயையோ, குடைக்கொடி சாஞ்சு போச்சே!" என்று கத்தினாள். நைட்டி ஓரத்தில் அப்பியிருந்த சேற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாற்று உடையைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, அழுக்கானதை எடுத்துப் போய்த் துவைத்துவிட்டாள்.

உண்மையைச் சொன்னால் பழி போகும். கூடவே அத்தையின் நடையும் போகும். அதனால் அழுத்தக்காரி அழுத்தமாகவே இருந்தாள்.

"சாயங்காலம் கடைக்குப் போவோம்," என்றாள் கணவரிடம். "இந்தத் தடவை நான்தான் பார்த்து வாங்குவேன்."

"நானும் வர்றேன்," என்றாள் நாத்தனார். "இல்லேன்னா கடைக்காரன் எதையாவது இவங்க தலையில கட்டிடுவான்."

கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே தேடுகிற மனிதர். முதலில் அலுமினியத்தில் ஒன்றைக் காட்டினார். "காத்து மாதிரி லேசும்மா! ஒரு விரல்ல தூக்கிடலாம்."

மருமகள் தூக்கிப் பார்க்கவில்லை. கைகள் கம்பத்தோடு சேரும் இடத்தைத் தடவிப் பார்த்தாள். "இந்த மூட்டு பிளாஸ்டிக். வெயில்ல ஒரே வருஷத்துல நொறுங்கிடும். வேண்டாம்."

இரண்டாவது இரும்பு, பச்சைப் பெயின்ட் அடித்தது. நகத்தால் சுரண்டினாள். பெயின்ட் கையோடு வந்தது. "மழை பட்டா துரு. துரு பட்டா துணி பாழ். வேண்டாம்."

"உங்களுக்கு என்னதாம்மா வேணும்?"

"ஒரு பக்கமாவே இழுத்தாலும் சாயக்கூடாது."

கடைக்காரர் கண்ணாடியை இறக்கி அவளை நன்றாகப் பார்த்தார். "எல்லாரும் எவ்வளவு பாரம் தாங்கும்னுதான் கேப்பாங்க. நீங்க வேற மாதிரி கேக்குறீங்க..." என்று சொல்லிக் கடையின் மூலைக்கு அழைத்துப் போனார். தூசு படிந்து ஒன்று நின்றது. துத்தநாகம் பூசிய தடித்த எஃகுக் கம்பம், பற்றவைத்த மூட்டுகள், உலோகக் கைப்பிடி, உள்ளே எஃகு இழை ஓடும் கொடிக்கம்பி. தரையோடு திருகி முடுக்கியிருந்தார்கள். "விடுதிக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான் இதை வாங்குவாங்க. தரைக்குழாயை ரெண்டடி ஆழத்துல கான்கிரீட் போட்டுப் புதைக்கணும். அப்புறம் இது உங்க பேரப்பிள்ளைகளுக்கும் இருக்கும்."

மருமகள் செருப்பைக் கழற்றினாள். அதன் ஒரு கையைப் பிடித்து, இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கித் தொங்கினாள்!

"ஐயோ, மானம் போகுது!" என்று கணவர் பதறினார்.

"அண்ணி ஊஞ்சல் வாங்க வந்திருக்காங்க போல," என்றாள் நாத்தனார். கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள்.

கம்பம் அசையவில்லை. மருமகள் இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டாள். "இதுதான்."

விலையைக் கேட்ட கணவருக்கு முகம் கறுத்துவிட்டது. "சலூன் துண்டுக்காக இவ்வளவு செலவா? முடியாது! இது வேணும்னா அந்த வேலையை விட்டுடு. அந்த மூட்டை இனி வீட்டுப்படி ஏறக்கூடாது. சம்மதமா?"

ஐந்து வருஷமாக அந்த வேலைதான் அவளுக்கென்று இருந்த ஒன்று. சலூன்கார அக்கா மூட்டையைத் திறந்துகூடப் பார்க்கமாட்டாள். "நீ மடிச்சா மடிச்சதுதான்" என்பாள். வீட்டில் யாரும் சொல்லாத ஒரு நல்ல வார்த்தை அங்கேதான் கிடைத்துக்கொண்டிருந்தது. கண்ணில் நீர் முட்டியது. விழவிடவில்லை.

"சம்மதம். விட்டுடுறேன். ஆனா இதுதான் வேணும்."

கணவர் திகைத்துப்போனார். நாத்தனார் மெதுவாகக் கேட்டாள். "வேலையே இல்லேன்னா... வீட்டுத் துணிக்கு இது எதுக்கு அண்ணி?"

"வேணும்," என்றாள் அவள்.

மறுநாள் அவளே மண்வெட்டி எடுத்தாள். ரெண்டடி சொன்னதற்கு ரெண்டரை அடி தோண்டினாள். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுக் குழாய் நேராக நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கான்கிரீட்டை நிரப்பினாள். ஏழு நாள் யாரும் தொடக்கூடாது என்று கடைக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அன்று மதியமே கடைசி மூட்டையைச் சலூனில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள். கண் சிவந்திருந்ததை ஜன்னலோரத்திலிருந்து அத்தை பார்த்தாள்.

"ஏன்டா, இவ எதுக்குடா வேலையை விட்டா?" என்று மகனைக் கேட்டாள்.

"அந்தக் கம்பத்துக்காகம்மா. பைத்தியம்! கம்பம் வேணும்னு ஒத்தைக்கால்ல நிக்கிறா."

அத்தை அன்று சரியாகச் சாப்பிடவில்லை. ஏழு நாளும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழாம் நாள் மாலை மருமகள் கம்பத்தைக் குழாயில் இறக்கி, கைகளை விரித்து, கைப்பிடியைச் சுற்றி மிகத் தாழ்வாக இறக்கினாள். பிறகு ஒரு கையின்மேல் மட்டும் பழைய துணியைச் சுற்றி, நழுவாமல் ஊசி நூலால் தைத்தாள். துணி காயப்போட அது எதற்கு! அத்தை முகத்தை மூடிக்கொண்டாள்.

எட்டாம் நாள் விடுமுறை. காலையிலேயே நாத்தனார் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"அம்மா, கெளம்பு. என் வீட்ல லிஃப்ட் இருக்கு, வழுவழுன்னு தரை இருக்கு. இங்க படியும் சேறும்... இவங்களுக்கு உன்னைவிடக் கம்பம்தான் முக்கியம்!"

"அப்படிச் சொல்லாதடி!"

அத்தை போட்ட அதட்டலில் எல்லோரும் திரும்பினார்கள். அவள் நாற்காலியின் கைகளை ஊன்றி எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா! உக்காரு! விழுந்துடுவே!"

"கிட்ட வராதே! யாரும் வரக்கூடாது!"

சுவரைப் பிடித்தாள். வாசற்படியைப் பிடித்தாள். மூன்று படிகளையும் ஒவ்வொன்றாக இறங்கினாள். மகன் ஓடப்பார்த்தார். மருமகள் அவர் கையை இறுக்கிப் பிடித்து நிறுத்தினாள். அத்தை குடைக்கொடியிடம் போய், துணி சுற்றிய அந்தக் கையைப் பற்றினாள். நடந்தாள். எஃகுக் கம்பம் முனகாமல் அவளோடு சுற்றியது. ஒரு முழுச் சுற்று!

"கீழ பாருங்கடா ரெண்டு பேரும்!" மூச்சு வாங்கியது அவளுக்கு. "கம்பத்தைச் சுத்திப் புல்லே முளைக்காம ஒரு வட்டம் தெரியுதா? நாப்பது துண்டா அங்க நடந்துச்சு? நான்டா! ரெண்டு குடைக்கொடியையும் உடைச்சது நான்! திருட்டுத்தனமா நடந்து நடந்து உடைச்சேன். பழியை இவ சுமந்தா..."

"அம்மா..." நாத்தனாரின் கை சக்கர நாற்காலியிலிருந்து நழுவியது.

"நீ நாற்காலியில கட்டிப்போட்டே, பாசத்துல. இவ என்னை நடக்கவிட்டா, வாயே திறக்காம. அன்னிக்கு என் நைட்டிச் சேத்தை ஒரு வார்த்தை கேக்காம துவைச்சா பாரு, அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு, இவளுக்கு எல்லாம் தெரியும்னு." மருமகள் பக்கம் திரும்பினாள். "தெரிஞ்சும் நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்டி! உன்னைத் திட்டுறப்போ கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்! நீ வேலையை விட்டுட்டு வெறுங்கையோட வந்தப்பகூட... ஐயோ, நான் மனுஷியா!"

கம்பியை விட்டாள். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, எந்தப் பிடியும் இல்லாமல் மருமகளை நோக்கி ஒரு அடி... இரண்டு... மூன்று... நாலாவது அடியில் மருமகள் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டாள். பன்னிரண்டு வருஷத்தில் முதல்தடவையாக இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அழுத்தக்காரி வாய்விட்டு, விக்கி விக்கி அழுதாள்.

"உன் கை வேண்டாம்னு சொன்னேனே... இப்பக் குடுடி..."

"வச்சுக்கோங்க அத்தை..."

கணவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தினமும் நூறு பேரைக் கண்ணாடியில பாத்துப் பாத்து வண்டி ஓட்டுறேன். வீட்டுக்குள்ள நடக்குறது தெரியல எனக்கு... நான் இப்பவே சலூனுக்குப் போய் மூட்டையை வாங்கிட்டு வந்துடுறேன்."

"வேண்டாங்க." கண்ணீரைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள் அவள். "விட்டது என் வாயால. கேக்குறதும் என் வாயாலயே இருக்கட்டும். மூட்டையை நானே தூக்கிட்டு வருவேன்."

"அண்ணி... அன்னிக்குக் கடையில அத்தனை பேருக்கு முன்னால சிரிச்சுட்டேனே..." நாத்தனார் அவள் தோளில் சாய்ந்து தேம்பினாள். சக்கர நாற்காலி அன்றே திரும்பிப் போனது.

மறுநாள் காலை நாற்பது துண்டுகளும் வாளியில் இருந்தன. மருமகள் குனிந்து முதல் துண்டை உதறினாள். அத்தை வந்து தன் இடத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ நின்ன இடத்துலயே நின்னு போடு. நான் சுத்தி விடுறேன்."

அத்தை நடக்க நடக்க வெற்றுக் கொடிகள் ஒவ்வொன்றாக மருமகளின் முன்னால் வந்து நின்றன. அவள் துண்டைப் போட்டாள். அத்தை நகர்ந்தாள். சமையலறையில் பாத்திரம் உருளவில்லை. நாலாவது சுற்றில் அத்தை நின்று திரும்பிப் பார்த்தாள்.

"என்னடி, துண்டு தீந்துபோச்சா?"

"ஆமா அத்தை."

"நாளைக்கு அம்பதா வாங்கிட்டு வா. எனக்கு நடை பத்தல."