இருபத்துநான்காவது ஒன்று

கார்காலம் தன் கடைசி மேகத்தையும் கரைத்துக் கொடுத்துவிட்டு, நோன்பு முடித்த துறவியைப்போல் மெலிந்து நின்றது. கூரைநீர் சொட்டி ஓய்ந்த பின்னும் அதன் ஓசை செவியை விட்டு அகலவில்லை. அத்தகையதொரு முற்பகலில், கட்டம்போட்ட நோட்டு ஒன்றை மார்போடு அணைத்தபடி ஒரு பெண் துப்பறிவாளரின் அறைக்கு வந்தாள். பின்னால் வயது முதிர்ந்த அச்சுக்கோப்பவர் தலைகுனிந்து நின்றார்.

"அப்பா போய் ஆறு மாசமாச்சுங்க. ஒண்ணுகளை மட்டுமே அடுக்கின ஒரு பெரிய எண், பகா எண்ணுன்னு பதினோரு வருஷம் பாடுபட்டு நிரூபிச்சார். அவரோட புத்தகத்துல இருபத்துநாலு ஒண்ணு அச்சாயிருக்கு. கணிதச் சங்கத்துல சிரிக்கிறாங்க. சாயங்காலத்துக்குள்ள விளக்கம் சொல்லலேன்னா புத்தகத்தையே தள்ளிடுவாங்களாம்."

துப்பறிவாளரின் மைத்துனருக்கு நாற்பது வயதாகியும் அவசரம் அடங்கவில்லை. "ரெண்டு ரெண்டாப் பிரிச்சா பன்னிரண்டு பதினொண்ணு. பதினொண்ணால பட்டவர்த்தனமா வகுபடுதே, அத்தான்! இவர்தான் ஒண்ணைக் கூடக் கோத்துட்டார்."

"நோட்டுல உள்ளதைத்தான் கோத்தேன், ஐயா. எண்ணிப் பாருங்க," என்றார் அச்சுக்கோப்பவர்.

மைத்துனர் எண்ணினார். பக்கத்தின் அடியில் பன்னிரண்டு, மறுபக்கத்தின் தலையில் பன்னிரண்டு. எல்லாம் தந்தையின் கையெழுத்தே. பெண்ணின் முகம் வாடியது.

"ஆனைக்கும் அடி சறுக்கும்மா," என்றபடி மைத்துனர் முன்பக்கங்களைப் புரட்டினார். "இங்கயும் பாருங்க. நூத்திப்பதினொண்ணை அதாலயே பெருக்கியிருக்கார். விடை 12321. உங்க அப்பாவோ பக்க அடியில 123, மறுபக்கத்துல 321-ன்னு லட்சத்துக்குக் கொண்டுபோயிட்டார்!"

துப்பறிவாளர் புன்னகைத்தார். "அப்பா கணக்குப் போடும்போது வாய் சும்மா இருக்குமாம்மா?"

"அந்தாதி பாடிக்கிட்டேதான் எழுதுவார். ஒரு பாட்டு முடியுற சொல்லுல அடுத்த பாட்டு தொடங்குமே, அது."

"மாப்பிள்ளை, ஒவ்வொரு பக்கத்தோட கடைசி இலக்கத்தையும் அடுத்த பக்கத்தோட முதல் இலக்கத்தையும் படிங்க."

"ஏழு, ஏழு. நாலு, நாலு. பூஜ்யம்... அட, இதுவும் பூஜ்யம்!"

"பக்கங்களையும் அந்தாதியாத் தொடுத்திருக்கார். திரும்ப வந்த மூணை விட்டுப் படிச்சா 12321 சரியா வருது. ஒண்ணுகளுக்கு நடுவுல ஒரு ஒண்ணு ஒளிஞ்சா எந்தக் கண்ணுக்குத் தெரியும்? அவர் எண்ணுல இருபத்துமூணு ஒண்ணுதான். சந்தேகம்னா அதுக்குக் கீழ்வரியைப் பாருங்க: அதே எண்ணை மூணால வகுத்து, 'மீதி ரெண்டு'ன்னு எழுதியிருக்கார். இருபத்துநாலா இருந்தா மீதியே இருக்காது. அப்பாவும் தப்புப் பண்ணலை, இவரும் பண்ணலை."

"மன்னிச்சுடுங்க ஐயா, உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன்," என்றாள் அவள், அச்சுக்கோப்பவரிடம். பிறகு நோட்டைக் கண்களில் ஒற்றிக்கொண்டு, தந்தை பாடிய அந்தாதியின் இறுதிச் சொல்லை மெல்ல இசைத்தாள். அச்சொல்லிலேயே முதற்பாட்டு மீண்டும் மலர்ந்தது.

மைபடிந்த விரல்களை உயர்த்தினார் அச்சுக்கோப்பவர். "அப்பா பேரு நிலைக்கும். நீயும் நீடூழி நல்லா இரும்மா."