கம்பளத்தில் நின்றவன்

மாலை நாலே காலுக்கு வேன் அரங்கின் பின்வாசலில் வந்து நின்றது. முதலில் இறங்கியது ஒரு கம்பளம்.

பாய் அகலம்தான் இருக்கும். சுருட்டிக் கயிறு போட்டிருந்தார்கள். மொட்டை அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார். டிரம்ஸ் வாசிப்பவர். தலை நிறைய முடி இருந்த காலத்தில் யாரோ வைத்த பெயர் அது. முடி பிறகுதான் பெயருக்கு மரியாதை கொடுத்தது.

அரங்கின் ஒலிப் பொறுப்பு அக்காவுடையது. அவளைவிட மூத்த ஊழியர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். உண்மையில் அவள் ஒருவனுக்குத்தான் அக்கா. அவன் கடைசியாக இறங்கினான், கிட்டார் பெட்டியை மார்போடு அணைத்தபடி.

"வாலு, சாப்டியா?"

"அக்கா, இங்க வந்து அப்படிக் கூப்பிடாத."

"சரிங்க வாலு சார். சாப்டீங்களா?"

பின்னால் வந்த நெட்டை சிரித்தார். பேஸ் கிட்டார்காரர். வாசல் நிலைக்குக் குனிந்தே பழகிய கழுத்து.

அந்தக் குழுவில் பாடகர் கிடையாது. பாட்டும் கிடையாது. மேடையில் பேசக்கூட மைக் வைக்க மாட்டார்கள். இரண்டு மணி நேரம் கருவிகள் மட்டும். அதில் தம்பி சேர்ந்து இரண்டு மாதம். இன்றுதான் முதல் மேடை.

அவனுடைய இடது சுண்டுவிரல் மடங்காது. சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கி, மூட்டு இறுகிப்போனது. கிட்டாருக்கு ஆகாது என்று இரண்டு வாத்தியார்கள் திருப்பி அனுப்பினார்கள். மூன்று விரலை வைத்தே கற்றுக்கொண்டான். வீட்டில் அவர்கள் இருவர்தான். தூங்க விடாமல் வாசிக்கிறான் என்று அவள் திட்டியிருக்கிறாள். திட்டிவிட்டு கதவுக்கு வெளியே நின்று கேட்டும் இருக்கிறாள்.

மேடை நடுவில் மொட்டை கம்பளத்தை விரித்தார். சிவப்பு மங்கிப் பழுப்பாகியிருந்தது. ஈரத்துணி வாடை. ஒரு மூலையில் குதிகால் அளவுக்கு நூல் தேய்ந்து அடித்தளம் தெரிந்தது. கம்பளத்துக்குப் பின்னால் பழைய ஆம்ப் ஒன்றை, கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டியை, வைத்தார்கள். மின்சாரம் கொடுத்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. அதில் எந்தக் கிட்டாரையும் சொருகவில்லை.

"இதுக்கு முன்னாடி ஒரு மைக் வெச்சிடும்மா" என்றார் மொட்டை.

"யார் வாசிக்கப் போறாங்க?"

"பெருசு."

"அவர் எங்க?"

மொட்டை கம்பளத்தைக் காட்டினார்.

பெருசு குழுவை ஆரம்பித்தவர். ஒவ்வொரு கச்சேரியின் கடைசியிலும் ஒரு நீளமான வாசிப்பு வாசிப்பார்கள். அதற்கு அளவு கிடையாது. பெருசு தலையாட்டினால் முடியும். அதுவரை வாசிக்க வேண்டியதுதான்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி வாசிச்சிட்டே இருந்தவரு இதுல உக்காந்தாரு. ஏதோ புதுசா பண்றாருன்னு நாங்க வாசிச்சிட்டே இருக்கோம். கடைசியிலதான் தெரிஞ்சுது போயிட்டாருன்னு. தலையாட்டவே இல்ல" என்றார் மொட்டை.

"அப்புறம் எப்படி முடிச்சீங்க?"

"எங்க முடிச்சோம்? இன்னிக்கு வரைக்கும் முடிக்கல. ஒவ்வொருத்தரா நிறுத்திட்டு இறங்கிடுவோம். மிச்சத்தை அவருக்கு விட்டுடுவோம். ஜனங்க அதை ஒரு பாணின்னு நினைச்சுக் கை தட்டுறாங்க."

"கம்பளத்துல யாரும் நிக்கக் கூடாது" என்றார் நெட்டை. "அந்த ஆம்ப்புல எதையும் சொருகக் கூடாது. அவ்வளவுதான் எங்க சட்டம்."

அக்கா சரி என்றாள். மேடையேறுகிறவர்களிடம் ஆயிரம் கிறுக்கு உண்டு. எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிடுவது அவள் தொழிலில் பாதி.

அரங்கின் பின்பக்கத்தில், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் பலகைக்குப் போய் அந்த மைக்கைத் திறந்தாள். ஸ்பீக்கரில் ஓர் உறுமல் வந்தது. பழைய ஆம்ப் என்றால் அப்படித்தான். ஆனால் உறுமல் ஒரே சீராக இருக்கும். இது மெல்ல ஏறியது. மெல்ல இறங்கியது. கொஞ்சம் நின்று, மறுபடி ஏறியது.

தூங்குகிற ஆளின் மூச்சுபோல இருந்தது.

அவள் அந்த மைக்கின் அளவைக் குறைத்துவைத்தாள்.

அரங்கு நிறைந்தது. விளக்குகள் அணைந்தன. தம்பி மேடையின் வலது ஓரத்தில் நின்றான். முதல் இரண்டு உருப்படிகளில் கம்பியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மூன்றாவதில் தோள் தளர்ந்தது. நான்காவதில் சிரித்தான். அவளும் சிரித்தாள். இருட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்.

கடைசியில் நீளமான வாசிப்பு தொடங்கியது. நெட்டை நாலே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார். மொட்டை அதற்கு அடியில் மழை மாதிரி தட்டிக்கொண்டிருந்தார். தம்பியின் கிட்டார் மேலே ஏறியது, இன்னும் ஏறியது.

அறுந்தது.

அவன் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. சத்தம் இல்லை. அவன் ஆம்ப்பின் பின்னாலிருந்து ஒரு புகை இழை எழுந்தது. கருகிய ரப்பர் வாடை மிக்சர்வரை வந்தது.

தம்பி நிமிர்ந்து அவள் இருந்த திசையைப் பார்த்தான். கதவிடுக்கில் விரல் மாட்டியபோது பார்த்த அதே பார்வை.

அவள் ஓடினாள்.

யோசிக்கவில்லை. மேடையில் ஒலி நின்றால் அதை எழுப்ப வேண்டும். இத்தனை வருடத்தில் உடம்பு கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். ஓரமாகக் குனிந்து ஏறினாள். செத்த ஆம்ப்பிலிருந்து கேபிளை உருவினாள். விளக்கு எரிந்துகொண்டிருந்த ஆம்ப் ஒன்றுதான் கண்ணில் பட்டது. கேபிள் அதுவரை எட்டவில்லை. தம்பியின் தோளைப் பிடித்து நடுவுக்கு இழுத்தாள். சொருகினாள்.

மொட்டை அவளைப் பார்த்துத் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தார். வாய் திறந்து எதையோ கத்தினார். டிரம்ஸ் சத்தத்தில் அவருக்கே கேட்டிருக்காது. மேடையில் பேச மைக்கும் இல்லை. அவள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுத் திரும்பி ஓடினாள்.

பாதி வழியில்தான் நெட்டை சொன்ன சட்டம் நினைவுக்கு வந்தது.

அதற்குள் கிட்டார் பேசத் தொடங்கியிருந்தது.

அப்படி ஒரு வாசிப்பை அந்த அரங்கு கேட்டதில்லை. முன்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். பிறகு வரிசை வரிசையாக எழுந்தார்கள். அக்காவுக்குக் கண் நிறைந்தது. என் தம்பி, என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்ல வாயெடுத்தாள்.

அப்போதுதான் அவன் இடது கையைப் பார்த்தாள்.

சுண்டுவிரல் மடங்கியது.

மூட்டு மூட்டாக மடங்கி, கம்பியை அழுத்தி, நிமிர்ந்தது. மறுபடி மடங்கியது. அவன் வலது குதிகால் தாளம் தட்டியது. கம்பளத்தில் நூல் தேய்ந்த இடத்தில், அச்சாக.

முகம் மட்டும் அவனுடையதாக இருந்தது. அழுதுகொண்டிருந்தான்.

நெட்டையும் மொட்டையும் கம்பளத்தைப் பார்த்தபடி வாசித்தார்கள். நிறுத்தப் பார்க்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தது. நெட்டை கையைக் கம்பியிலிருந்து எடுக்க முயன்றார். கை போய் மறுபடி ஒட்டிக்கொண்டது. மொட்டையின் குச்சியில் ஏதோ ஈரம் மின்னியது. ரத்தம்.

மூன்று பேரும் ஒரு தலையாட்டலுக்குக் காத்திருந்தார்கள்.

தம்பியின் கழுத்து விறைத்திருந்தது. நரம்பு புடைத்தது. அவன் தலையாட்டப் பார்த்தான். முடியவில்லை.

அவள் மிக்சருக்கு ஓடிப்போய்க் கிட்டாரின் மைக்கை மூடினாள்.

கிட்டார் நிற்கவில்லை.

எல்லாவற்றையும் மூடினாள். பிறகு கீழே குனிந்து முதன்மை மின்சாரத்தையே அணைத்தாள். ஸ்பீக்கர்கள் செத்தன. மேடை விளக்குகள் செத்தன. இருட்டில் அந்த ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் எரிந்தது. அதிலிருந்து ஒலி வந்தது. முன்பைவிடத் தெளிவாக.

ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள். ஆயிரம் கைபேசிகளில் வெளிச்சம் எழுந்தது.

"நிறுத்துங்க! யாராவது நிறுத்துங்க!"

அவள் கத்தியதைக் கேட்டுப் பக்கத்தில் இருந்தவர் சந்தோஷமாகத் தலையசைத்தார். அவரும் கத்தினார்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடைக்கு வருவதற்குள் மொட்டை முக்காலியிலிருந்து சரிந்துவிட்டார். நெட்டை மண்டியிட்டிருந்தார். அவள் கேபிளைப் பிடுங்கினாள். ஒலி நிற்கவில்லை. தம்பியின் தோளிலிருந்து கிட்டாரை உருவி வீசினாள். அவன் விரல்கள் வெறும் காற்றில் ஓடின. ஆம்ப் அந்த விரல்களை வாசித்தது.

அவனைக் கட்டிப்பிடித்துக் கம்பளத்திலிருந்து இழுத்து வெளியே தள்ளினாள்.

சிவப்பு விளக்கு அணைந்தது.

அமைதி. அதன்பின் கைதட்டல். அது நெடுநேரம் ஓயவில்லை.

"தலையாட்டினானா?" மொட்டை தரையில் கிடந்தபடி கேட்டார். "யாராவது பாத்தீங்களா? தலையாட்டினானா?"

யாரும் பார்க்கவில்லை.

வீடு வரும்வரை தம்பி பேசவில்லை. களைப்பு என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். டாக்டர் வந்து பார்த்தார். அதிர்ச்சி, தூங்கட்டும் என்றார். கண்ணை மூடிப் படுத்தான்.

காலையில் வெயில் சமையலறை மேடைவரை வந்திருந்தது. பாலை அடுப்பில் வைத்தபோது மொட்டை போனில் கூப்பிட்டார். கட்டுப் போட்ட கையால் போனைப் பிடித்துக்கொண்டு பேசுகிறாராம். குரல் தாழ்ந்திருந்தது.

"அந்த ஆம்ப்பை இப்பத்தான் போட்டுப் பாத்தேன்மா. நல்லா வேலை செய்யுது."

"அப்புறம் என்னண்ணா?"

"மூணு வருஷமா அதுல ஒரு உறுமல் இருக்கும். நீயும் நேத்து கேட்டிருப்ப. இன்னிக்கு இல்ல."

"நல்லதுதானே?"

"அது ஆம்ப்போட சத்தம் இல்லம்மா. அவரு அங்க இருந்தாரு. இப்ப அங்க இல்ல."

பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. அந்த இஸ்ஸென்ற சத்தம் அடங்கிய பிறகுதான் மற்றது அவள் காதில் விழுந்தது.

உள்ளறையிலிருந்து வந்தது. மெல்ல ஏறியது. மெல்ல இறங்கியது. கொஞ்சம் நின்று, மறுபடி ஏறியது.

கதவைத் தள்ளினாள்.

தம்பி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். வாய் மூடியிருந்தது. உறுமல் மார்பிலிருந்து வந்தது. வலது குதிகால் தரையில் தாளம் தட்டியது. இடது கை காற்றில் ஓடியது, சுண்டுவிரல் மடங்கி மடங்கி நிமிர்ந்தது. நகக்கண்களில் ரத்தம் காய்ந்திருந்தது. தூங்கவே இல்லை போலிருக்கிறது.

கண்கள் திறந்திருந்தன. அவளைத் தாண்டி, அவள் தோளுக்குப் பின்னால், யாரோ நிற்கிற உயரத்தில் பார்த்துக்கொண்டிருந்தான். எதற்கோ காத்திருக்கிற பார்வை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் முன்னால் மண்டியிட்டாள். அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். முகம் திரும்பியது. கண் திரும்பவில்லை.

"வாலு, என்னைப் பாருடா. இதோ, நான் தலையாட்டுறேன். பாரு, ஆட்டுறேன் பாரு. போதும்டா கண்ணு, முடிச்சிடுறியா?"